முதுகுப் பக்கம் நடந்த ஃபைனல்

வாங்க தம்பி, உள்ள வாங்க. கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு. நீங்கதானே கிளப்போட ஐம்பதாவது வருஷத்துக்கு மலர் போடுற தம்பி? அண்ணன் போன்ல சொல்லுச்சு. அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உட்காருங்க. வீட்டுக்கு வந்த ஆளுக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் பேசுறாளேன்னு நெனைக்காதீங்க. மரியாதை தெரியாதவ இல்ல நான். ஆட்டம் முடியிற வரைக்கும் இந்தச் செவுத்தப் பார்த்துத்தான் இருக்கணும். காப்பி அடுப்படியில ஃபிளாஸ்க்குல இருக்கு, நீங்களே ஊத்திக்கோங்க. எனக்கு வேணாம். குடிச்சா நடுவுல எந்திரிக்கணும்.

எந்த ஆட்டமா? அண்ணன் மக சங்கவிக்கு இன்னைக்கு கோயம்புத்தூர்ல வாலிபால் ஃபைனல். மூணு மணிக்கு ஆரம்பம். அண்ணனுக்கு லேட்டாப் பொறந்த ஒரே பொண்ணு. நான்தான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, கிரவுண்டு வாசல் வரைக்கும் கொண்டு விட்டு வளர்த்தேன். இன்னைக்கு ஜெயிச்சா வேலை. ஆள் எடுக்குறவங்க வந்து உட்கார்ந்திருக்காங்களாம். தோத்தா அடுத்த வருஷம் வயசு தாண்டிரும். அதனால எல்லாரும் வண்டி பிடிச்சுப் போயிருக்காங்க, அண்ணன், மதினி, மதினி வீட்டு ஆளுங்க. ஏழு பேர் உட்கார்ற வண்டி, ஆறு பேர் போனாங்க. மிச்சம் ஒரு சீட்டுல பைய வச்சுக்கிட்டாங்க. நான் எப்பிடிப் போறது? நான் போயிட்டா இங்க யார் உட்கார்றது? குறைன்னு சொல்லல, விவரத்தச் சொல்றேன்.

போன வாரம் சங்கவிதான் மடியில படுத்துக்கிட்டுக் கேட்டா. "அத்தை, ஒரே ஒரு தடவ வந்து நான் ஆடுறதப் பாரு. தோத்தா தோத்துட்டுப் போறேன்." நான் அவ வாயப் பொத்திட்டேன். சின்னப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்.

நீங்க எண்பத்தொண்ணு ஃபைனலப் பத்திக் கேட்டுத்தான வந்திருக்கீங்க. "நேரில் பார்த்தவர்கள்"னு தலைப்பா? நல்ல தலைப்பு. அந்த ஃபைனல நான் முழுசாச் சொல்லுவேன், ஒரு பாயிண்ட் விடாமச் சொல்லுவேன். ஆனா நேரில் பார்த்தவங்கன்னு போடுறதுல ஒரு சிக்கல் இருக்கு. மொதல்ல கேளுங்க.

எனக்கு அப்ப பதினொரு வயசு. மில்லு மூடி எட்டு மாசம். எங்கப்பா அந்த மில்லுலதான் நூல் சுத்துற டிபார்ட்மெண்ட். மில்லு மூடுனதும் அப்பா திருப்பூர் பக்கம் போயிட்டாரு, போனவரு கடுதாசி போட்டதோட சரி. அம்மா தீப்பெட்டி ஒட்டுச்சு. அண்ணனுக்கு இருபது வயசு. சவுந்திரபாண்டின்னா அப்ப இந்த ஊர்ல தெரியாத ஆள் கிடையாது. வாலிபால்ல அது குதிச்சு அடிச்சா பந்து எங்க விழுந்துச்சுன்னு அம்பயரே ஒரு நிமிஷம் யோசிப்பாராம். எல்லாம் அடுத்தவங்க சொன்னதுதான். எனக்கு அண்ணன் வீட்டுல கஞ்சி குடிக்கிறதும், பனியன் துவைச்சுப் போடுறதும்தான் தெரியும்.

அந்த மே மாசம் நம்ம ஊர்லயே டோர்னமெண்ட். பதினாறு டீமு. கவர்மெண்ட் டீமுக்கு ஆள் எடுக்குறதுக்கு ரெண்டு பேர் வந்து லாட்ஜுல தங்கியிருக்காங்கன்னு பேச்சு. ஜெயிக்கிற டீமுல இருந்துதான் எடுப்பாங்களாம். அண்ணனுக்கு அந்த வேலை கெடைச்சா எங்க வீட்டுல அடுப்பு எரியும். இது ஊருக்கே தெரியும். அம்மா கோயில் கோயிலா நேர்ந்துக்கிச்சு.

மொத மேட்ச் அன்னைக்கு நான் தண்ணி குடம் தூக்கிட்டுப் போனேன். போன எடத்துல என் கொலுசோட திருகாணி கழண்டு விழுந்துருச்சு. வெள்ளித் திருகாணி, தொலைச்சா அம்மா தோல உரிச்சிரும். நான் கிரவுண்டுக்கு முதுகக் காட்டிக் குத்த வச்சு மண்ணத் தடவிக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் நம்ம டீமு தோத்துக்கிட்டு இருக்கு. நான் குனிஞ்ச நேரம் பார்த்து மளமளன்னு அஞ்சு பாயிண்ட் வந்துருச்சு. திருகாணி கெடைச்சு எந்திரிச்சுத் திரும்புறேன், அடுத்த பந்து வெளிய போச்சு.

கிளப்ப நடத்துனவரு குருவய்யா. மில்லுல டைம் கீப்பரு. எத எப்ப யாரு செஞ்சாங்கன்னு குறிச்சு வச்சே பழகுன மனுசன். எல்லாரும் பந்தப் பார்த்தா, அவரு என்னையப் பார்த்திருக்காரு. ஓடி வந்து என் ரெண்டு தோளையும் பிடிச்சு, "பாப்பா, மறுபடி திரும்பி உட்காரு"ன்னாரு. உட்கார்ந்தேன். பாயிண்ட் வந்துச்சு. "ஏ, நகராத. அப்பிடியே இரு." அந்த மேட்ச் ஜெயிச்சாச்சு.

அவ்வளவுதான், என் கதை முடிஞ்சது. அடுத்த மேட்சுக்கு வீட்டு வாசல்ல சைக்கிள் வந்து நிக்குது. "ராசிக்காரியக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க." மில்லுல நூல்கண்டு போட்டு வைக்கிற மரப்பெட்டி ஒண்ணக் கொண்டு வந்து, கோட்டுக்குப் பக்கத்துல கவுத்துப் போட்டு, அதுல என்னைய உட்கார வச்சாங்க. கிரவுண்டுக்கு முதுகு, கூட்டத்துக்கு மூஞ்சி. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களோ என்னமோ. அதுவும் கிட்ட வந்து என் தலையத் தட்டி, "எனக்காக உட்காரு தாயி"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அண்ணன் தங்கமான மனுசன் தம்பி. அப்பிடிக் கேட்டா எப்பிடி எந்திரிக்கிறது?

நீங்க ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ரெண்டாயிரம் பேரு உங்களப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க. நீங்க அவங்களப் பார்த்து உட்கார்ந்திருக்கீங்க. அவங்க பார்க்குறது உங்கள இல்ல, ஆனா உங்களையும் பார்க்குறாங்க. மொத வரிசையில என் கிளாஸ் பயலுக, கடலைத் தோலி எடுத்து என் மேல விட்டெறியுறானுக. நாக்கத் துருத்துறானுக. நான் எந்திரிச்சு ஒரு அறை விட முடியாது. அழுதா மூக்கத் தொடைக்கணும், தொடைக்கக் கைய அசைக்கலாமா கூடாதான்னு குருவய்யாகிட்ட கேட்கணும். அசைக்கலாம்னாரு. தலைதான் திரும்பக் கூடாது.

செமிபைனல் வரைக்கும் இப்பிடியே போச்சு. ஃபைனல் அன்னைக்கு நாலு மணி வெயிலு. எதிர்ல துறைமுகத்து டீமு, ஆளுக்கு ஆறடி. அஞ்சு செட்டு ஆட்டம். நான் உட்கார்ந்தது நாலு மணிக்கு. எந்திரிச்சது ஆறே முக்காலுக்கு.

நான் பந்தப் பார்க்கல. ஆனா மூஞ்சியப் பார்த்தேன். அதுல எல்லாம் தெரியும் தம்பி. வாயி தெறந்திருந்தா பந்து மேல இருக்கு. கண்ண இறுக்கி மூடுனா எதிராளி அடிக்கப் போறான். கழுத்த மட்டும் நீட்டிப் பார்த்தா பந்து கோட்டு மேல விழுந்திருக்கு, அம்பயர் இன்னும் சொல்லல. வெள்ளரிப்பிஞ்சு விக்கிற ஒரு அக்கா, கூடைய மடியில வச்சுக்கிட்டு நேர் எதிர்ல உட்கார்ந்திருந்துச்சு. நம்ம பக்கம் சர்வீஸ் வந்தா அதோட கை கூடைக்குள்ள போயிரும், கையில ஒரு பிஞ்சப் பிடிச்சு நெரிக்கும். பாயிண்ட் வந்தா அதையே கடிச்சுத் திங்கும். அந்த அக்கா அன்னைக்கு எத்தனை பிஞ்சு தின்னுச்சுன்னு என்னால சொல்ல முடியும். விக்கிறதுக்குக் கொண்டாந்தத அதுவே தின்னு தீர்த்துருச்சு.

ரெண்டு செட்டு நமக்கு, ரெண்டு செட்டு அவங்களுக்கு. அஞ்சாவது செட்டு. அப்பெல்லாம் இப்ப மாதிரி இல்ல, சர்வீஸ் போடுற பக்கத்துக்குத்தான் பாயிண்ட். இல்லேன்னா சர்வீஸ் மட்டும் கை மாறும். பதினாலுக்குப் பன்னெண்டுன்னு அவங்க மேல. அவங்களுக்கு ஒரு பாயிண்ட் வந்தாப் போச்சு, வேலை போச்சு, அண்ணன் போச்சு, எல்லாம் போச்சு. அங்கயிருந்து சர்வீஸ் மாறுது, மாறுது, மாறிக்கிட்டே இருக்கு. கால் மணி நேரம் ஒரு பாயிண்ட் கெடையாது. எனக்கோ அடிவயிறு முட்டிக்கிட்டு நிக்குது. மூணாவது செட்டுலயே குருவய்யாகிட்ட சொல்லிட்டேன். "பாப்பா, ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கோ, உங்கண்ணன் வாழ்க்கை"ன்னாரு. அப்புறம் அந்த ஆளு என் பக்கமே வரல.

பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாமப் போன பிறகும் பொறுத்துக்கிட்டேன். கடைசியில பொறுக்கல, பாவாடையோட ஆகிப்போச்சு. அந்தப் பயலுக பார்த்தானுகளா என்னன்னு தெரியல. அப்ப ஒருத்தனும் கடலைத் தோலி எறியல, எல்லாம் மேல பார்த்துக்கிட்டு இருந்தானுக. நானும் அசையல. ஈரப் பெட்டியிலயே உட்கார்ந்திருந்தேன். இத மலர்ல போட்டுறாதீங்க.

பதினாலுக்குப் பதிமூணு. பதினாலுக்குப் பதினாலு. ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வேணும். பதினஞ்சுக்குப் பதினாலுன்னு நம்ம பக்கம் வந்துச்சு. சர்வீஸும் நம்ம கையில. கிரவுண்டுல ஒரு சத்தம் இல்ல. எனக்குப் பின்னாடி பந்து தப்புன்னு விழுந்த சத்தம், அப்புறம் எடுத்த சத்தம், அந்தப் பக்கம் போச்சு, இந்தப் பக்கம் வந்துச்சு. வெள்ளரி அக்கா வாயத் தெறந்து, "சவுந்திரம் எந்திரிக்கிறான்"னு மெதுவாச் சொல்லுச்சு. அத்தனை மூஞ்சியும் ஒண்ணா மேல போச்சு தம்பி. மேல போன மூஞ்சி கீழ வரல. அப்பிடியே நிக்குது. என் அண்ணனத்தான் பார்க்குறாங்க. ரெண்டாயிரம் பேரு என் அண்ணனப் பார்க்குறாங்க, கூடப்பொறந்த நான் ஒருத்தி பார்க்கல.

நான் திரும்பிட்டேன்.

ஆமா. இத நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அம்மா சாகுற வரைக்கும் அதுக்கும் தெரியாது. நேரில் பார்த்தவங்கன்னு நீங்க போடப் போறீங்க, பொய் சொல்லி என் பேர் வர வேணாம், அதனால சொல்றேன். நான் பார்த்தது ஒரே ஒரு செகண்டு. அண்ணன் வலைக்கு மேல இடுப்பு தெரியிற உயரத்துல நிக்குது. கை பின்னாடி இருக்கு. அந்த மூஞ்சிய நான் வீட்டுல பார்த்ததே கெடையாது. சிரிக்குது தம்பி. அடிக்கிறதுக்கு முன்னாடியே சிரிக்குது. அடுப்பு எரியாத வீட்டுல இருந்து வந்த மூஞ்சி மாதிரியே இல்ல.

அடிச்சுச்சு. பதினாறுக்குப் பதினாலு. ஜெயிச்சாச்சு.

அண்ணன் கீழ எறங்குச்சு. எறங்குன கால் நிக்கல. முட்டி உள்பக்கமா மடங்கி, அப்பிடியே சரிஞ்சு விழுந்துருச்சு. ஊரே கத்திக்கிட்டு உள்ள ஓடுது, யாருக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சுச்சு. நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேனே. சட்டுன்னு மறுபடி கூட்டத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அங்க யாரும் இல்ல. வெள்ளரிக் கூடை மட்டும் கெடந்துச்சு.

வேலை குடுத்தாங்க. ஆள் எடுக்க வந்த ரெண்டு பேரும் நல்ல மனசுக்காரங்க, அடிச்ச அடியப் பார்த்து எழுதிட்டாங்க. ஆனா அண்ணன் அதுக்கப்புறம் ஆடல. முட்டியில ஆபரேஷன், ரெண்டு தடவ. ஆபீஸுல உட்கார்ந்து ஃபைல் பார்த்தே ரிட்டையர் ஆயிருச்சு. இப்பவும் மாடிப்படி ஏறுறப்ப கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறும். அந்தச் சத்தம் கேட்டா எனக்குச் சோறு எறங்காது. திரும்பாம இருந்திருந்தா ஜெயிச்சும் இருக்கும், காலும் இருந்திருக்கும்.

ஊருக்கு இது தெரியாதே. ஊருக்கு நான் ராசிக்காரி. அடுத்த ரெண்டு வருஷம் எந்த ஊர்ல மேட்ச்னாலும் வந்து கூட்டிட்டுப் போனாங்க. வயசுக்கு வந்ததும் அம்மா நிறுத்துச்சு. அப்புறம் வீட்டுலயே. அண்ணன் டிபார்ட்மெண்ட் பரீட்சை எழுதுனா நான் செவுத்தப் பார்ப்பேன். எடம் ரிஜிஸ்டர் பண்ணா செவுத்தப் பார்ப்பேன். சங்கவி பொறந்தப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுல ஏழு மணி நேரம் பார்த்தேன், அங்க வந்த நர்ஸு எனக்கு மனசு சரியில்லையோன்னு டாக்டரக் கூட்டிட்டு வந்துருச்சு.

கல்யாணமா? வந்துச்சு தம்பி. சாத்தூர்ல இருந்து ஒரு மாப்ள, ஸ்கூல் வாத்தியாரு. அந்த மாசம் அண்ணனுக்குப் பிரமோஷன் பேச்சு. "இந்த மாசம் வேணாம், தை மாசம் பார்க்கலாம்"னு குருவய்யா சொன்னாரு. தை மாசம் வேற ஒண்ணு வந்துச்சு. யாரும் தடுக்கல, தள்ளிப் போட்டாங்க. நானும் மறுத்துப் பேசல. ஒருத்தரோட காலக் கெடுத்துட்டு நான் மட்டும் மாலை போட்டுக்கிட்டு எப்பிடிக் கெளம்புறது? குறைன்னு சொல்லல. இந்தச் செவுத்துல எந்த எடத்துல சுண்ணாம்பு பொரிஞ்சிருக்கு, எறும்பு எந்த வழியாப் போகும்னு எனக்கு அத்துப்படி. இதுவும் ஒரு வாழ்க்கைதான்.

என்ன தம்பி, பேப்பரப் புரட்டுற சத்தம் கேக்குது? அண்ணன் சொன்னதா? போன மாசம் எழுதுனீங்களா? வாசிங்க. அண்ணன் என்ன சொல்லுச்சுன்னு நானும் கேக்குறேன்.

ம்.

என்னது? திருப்பி வாசிங்க.

செமிபைனல்லயா?

இன்னொரு தடவ, மெதுவா. "அரையிறுதியிலேயே முட்டி போய்விட்டது. முட்டி உறைக்குள் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு இறுதிப் போட்டி ஆடினேன். தெரிந்தால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள் என்று குருவய்யாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. வைத்தியர் அன்று காலையிலேயே சொன்னார், இன்னும் நாலு தடவை குதித்தால் கால் போய்விடும் என்று." அப்பிடியா இருக்கு? நீங்களாச் சேர்த்து எழுதலையே?

குருவய்யாவுக்குத் தெரியும்.

அண்ணன் மேல தப்பு இல்ல. நான் திரும்புனது அதுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கும். நானும் கேட்டதில்ல. ஒரே வீடு. ஒரே கஞ்சி. நாப்பத்தஞ்சு வருஷம், ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ண வச்சுக்கிட்டு இருந்திருக்கோம். அது செமிபைனல்லயே போன காலு. நான் இத்தனை வருஷமா இந்தச் செவுத்துக்கிட்ட, சாத்தூர் வாத்தியாரு, எல்லாம்... முன்னாடியே போன காலுக்கு.

மணி என்ன ஆச்சு? மூணே முக்காலா? உங்க போன்ல அந்த மேட்ச் தெரியுமா தம்பி? அதெல்லாம் நேரடியாக் காட்டுறாங்களாமே. போடுங்க. இல்ல, நீங்க இந்தப் பக்கம் வர வேணாம். நான் வர்றேன். இருங்க, காலு மரத்துப் போச்சு. கொஞ்சம் கை குடுங்க.

ஓ, இதுதான் உங்க மூஞ்சியா? குரலக் கேட்டு இன்னும் கொஞ்சம் குண்டா இருப்பீங்கன்னு நெனைச்சேன்.

இதுல சங்கவி எது? எல்லாம் ஒரே மாதிரிச் சட்டை, ஒரே மாதிரிச் சடை. ஏழாம் நம்பரா? இவளா? இம்புட்டு உயரமா இருக்கா? வீட்டுல குனிஞ்சுல்ல திரிவா.

ஸ்கோர் என்ன? மொத செட்டு தோத்தாச்சா. எப்ப தோத்தாங்க? நான் கதை சொல்லிக்கிட்டு இருந்தப்பவா? அப்ப நான் செவுத்தத்தான பார்த்துக்கிட்டு இருந்தேன். ம். இந்த செட்டுலயும் ரெண்டு பாயிண்ட் பின்னாடி.

இப்ப சர்வீஸ் அவ கையில. பந்தத் தரையில தட்டுறா பாருங்க, நெத்தி வேர்வையத் தொடைக்கிறா. அவ அப்பன் மாதிரியே தோள ஆட்டுறா. தூக்கிப் போட்டுட்டா.

வலையில அடிச்சுட்டா.

இல்ல தம்பி, போன அந்தப் பக்கம் எடுத்துறாதீங்க. எதுக்கு என் மூஞ்சியப் பார்க்குறீங்க? வலையில அடிச்சது அவ, நான் இல்ல. நேராப் பிடிங்க.